பணம் போக 5 நொடி, பில் பாஸாக 120 நாள்

கணபதி_லேத் (இழையைத் தொடங்கியவர்)

கொஞ்சம் நீளமான பதிவு. மனதில் ரொம்ப நாளாகக் கிடந்தது.

போன வாரம் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் ஒரு கான்கால் (ரிசல்ட் பற்றி கம்பெனி முதலீட்டாளர்களிடம் போனில் பேசும் கூட்டம்) கேட்டுக்கொண்டிருந்தேன். பங்குச் சந்தையில் லிஸ்ட் ஆன கம்பெனி, வால்வு செய்கிறார்கள். 16 வருடமாக எங்கள் பட்டறையில் இருந்து வால்வின் பாடியும் அதன் மேல் மூடியான பானெட்டும் மெஷினிங் முடிந்து அங்கேதான் போகின்றன. பெயர் வேண்டாம். ரிசல்ட் வாசித்து முடித்ததும் ஒரு அனலிஸ்ட், வொர்க்கிங் கேபிடல் நாட்களை (சரக்கிலும் பாக்கியிலும் கம்பெனியின் பணம் முடங்கிக் கிடக்கும் நாட்களை) நன்றாகக் குறைத்துவிட்டீர்கள் என்று வாழ்த்துச் சொன்னார். கம்பெனியின் நிதித் தலைவரான சிஎஃப்ஓ நன்றி சொன்னார். என் மேஜையில் அவர்களுடைய பாக்கி லிஸ்ட் கிடந்தது. மிகப் பழைய பில்லுக்கு 131 நாள் ஆகியிருந்தது. அவர் குறைத்த நாட்கள் எங்கே வந்து சேர்ந்தன என்று எனக்குத் தெரியும். என் ஓடி (பேங்க் ஓவர்டிராஃப்ட்) அக்கவுண்டில் இருக்கின்றன.

கணக்கைச் சொல்கிறேன். மாதம் சுமார் 30 லட்சத்துக்கு பில் போடுகிறோம். 4 சிஎன்சி, 2 விஎம்சி என்று கம்ப்யூட்டரில் ஓடும் 6 மெஷின்கள், 14 ஆட்கள். சராசரியாக 120 நாளில் பணம் வருகிறது என்றால் எப்போதும் 1 கோடியே 20 லட்சம் வெளியே நிற்கிறது. 45 நாளில் வந்தால் 45 லட்சம்தான் நிற்கும். மிச்சம் 75 லட்சத்துக்கு 10.5% ஓடி வட்டி, வருடம் 7,87,500 ரூபாய். இரண்டு நல்ல ஆபரேட்டர்களின் சம்பளம் அதில் அடங்கிவிடும். அந்த ஓடிக்கு அடமானமாக பேங்கில் இருப்பது அப்பா கட்டிய வீட்டின் பத்திரம்.

ஜிஎஸ்டி இன்னொரு பக்கம். பில் போட்டால் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் 18% வரி கட்டியாக வேண்டும். பார்ட்டி பணம் தந்தாரா என்று சட்டம் கேட்பதில்லை. நான் வாங்கியதில் ஏற்கனவே கட்டிய வரி (இன்புட்) போக மாதம் இரண்டரை லட்சத்துக்கு மேல் நான் கையில் இருந்து போடுகிறேன். அந்த பில்லுக்கான இன்புட்டை கம்பெனி அடுத்த மாதமே எடுத்துக்கொள்கிறது. என் பணத்தில் கட்டிய வரி அவர்களுக்கு உடனே வரவாகிறது, என் பில் மட்டும் நாலாவது மாதத்தில் வருகிறது.

பணம் அனுப்ப வழியில்லை என்று இந்த நாட்டில் இனி யாரும் சொல்ல முடியாது. நெஃப்ட் 2019 டிசம்பரில் இருந்தும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரில் இருந்தும் 24 மணி நேரமும் ஓடுகின்றன. 2016இல் தொடங்கிய யுபிஐயில் 2025 ஆகஸ்ட் ஒரே மாதத்தில் 2,000 கோடிக்கு மேல் பரிமாற்றங்கள் நடந்தன. என் வாசலில் இளநீர் விற்பவருக்கு 5 நொடியில் பணம் வருகிறது. ஸ்பீக்கர் சத்தமாகச் சொல்கிறது. பங்குச் சந்தையில் விற்றால் 2023 ஜனவரியில் இருந்து மறுநாளே செட்டில்மெண்ட். மைக்ரான் அளவில் கடைந்து, தரச் சோதனை (க்யூசி) பாஸாகி, லைனில் ஏறி, வெளிநாட்டுக்கே போய்விட்ட பொருளுக்கு மட்டும் 131 நாள்.

தொழில்நுட்பக் குறை என்று இதைச் சொல்ல என்னால் முடியவில்லை. தாமதம் யாருக்கோ லாபமாக இருக்கிறது, அந்த லாபத்துக்குச் சந்தையில் கைதட்டலும் கிடைக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஈரோடு_ஆடிட்டர்

அண்ணா, சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. தெரியாதவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006ஆம் வருட எம்எஸ்எம்இ சட்டம், பிரிவு 15. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் பிரிவு 16படி ரிசர்வ் பேங்கின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டி. பேங்க் ரேட் 6.75 ஆக இருந்தபோது அது 20.25%. அந்த வட்டியைச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்கவும் முடியாது. இந்தச் சட்டப்படி புகாரை விசாரிக்கும் கவுன்சிலில் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்து, கம்பெனி கோர்ட்டுக்குப் போக நினைத்தால் முதலில் 75% தொகையைக் கட்ட வேண்டும். இவ்வளவு பலமான சட்டம் சிறு தொழிலுக்கு வேறு எதுவும் இல்லை.

2023-24 கணக்கு வருடத்தில் இருந்து வருமான வரிக்கு வந்த 43பி(எச்) (1961 சட்டத்தின் எண்) விதி வேறு இருக்கிறது. குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய காலத்தில் பணம் தராமல் மார்ச் 31ஐத் தாண்டினால் அந்தச் செலவை அந்த வருடம் கழிக்க முடியாது. பிப்ரவரி 10ஆம் தேதி வாங்கிய சரக்குக்கு மார்ச் 27க்குள் தரவில்லை, மார்ச் 31 வரையும் தரவில்லை என்றால், அந்தத் தொகை அவர்கள் வருமானத்தில் சேர்ந்துவிடும். நடுத்தர நிறுவனத்துக்கும், வெறும் வாங்கி விற்கும் வியாபாரிக்கும் இது கிடையாது.

சிறு நிறுவனம் என்று அரசிடம் பதியும் உத்யம் பதிவு வைத்திருக்கிறீர்கள்தானே? பில்லில் நம்பர் அச்சாகிறதா?

கணபதி_லேத்

பதிவு இருக்கிறதுங்க. பில்லிலும் நம்பர் வருகிறது. 43பி(எச்) வந்த அந்த முதல் மார்ச்சில் கடைசி வாரம் மட்டும் ஒரே நாளில் 38 லட்சம் வந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு மார்ச் பார்த்ததில்லை. ஏப்ரலில் பழையபடி ஆகிவிட்டது. நீங்கள் சொன்ன விதி மார்ச் 31 என்கிற ஒரு நாளைத்தான் பார்க்கிறது. மே மாதத்து பில்லை நவம்பரில் தந்தாலும் அதே கணக்கு வருடத்துக்குள் வந்துவிடுவதால் அவர்களுக்கு வரியில் ஒரு பைசா இழப்பில்லை. நான் சொல்வது சரிதானே?

பாக்கி வராவிட்டால் புகார் போட அரசின் சமாதான் தளம் 2017இல் வந்தது. பக்கத்துப் பட்டறைக்காரர் போட்டார். கேஸ் நடந்தது, அசல் வந்தது. அதற்குப் பிறகு அந்த கம்பெனியில் இருந்து அவருக்கு ஒரு டிராயிங்கூட வரவில்லை. 60% வேலை ஒரே பார்ட்டியிடம் இருக்கிறவன் எப்படிப் புகார் போடுவான்?

ஈரோடு_ஆடிட்டர்

சரிதான் அண்ணா. வருடத்துக்கு நடுவில் 43பி(எச்) பல் இல்லாத விதி. பிரிவு 16 வட்டி மட்டும் எந்த மாதமானாலும் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் அதைக் கேட்கிற சப்ளையரை நான் 19 வருட பிராக்டிஸில் இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருமே தொழிலை மூடப் போகிற நிலையில்தான் கேட்டார்கள்.

பர்ச்சேஸ்_மேசை

இந்த இழையில் என்னை எல்லாரும் திட்டலாம். ஒரு பெரிய கம்பெனியில் 11 வருடமாக பர்ச்சேஸில் இருக்கிறேன். உண்மையை எழுதிவிடுகிறேன்.

பில் தாமதம் ஆவது ஒரே இடத்தில் இல்லை. சரக்கு கேட்டுக்குள் வந்ததும் வரவு ரசீதான ஜிஆர்என் போட வேண்டும். ஸ்டோர்ஸில் ஆள் இல்லை என்று 6 நாள் கிடக்கும். க்யூசி 5 நாள். ரேட்டில் 40 பைசா வித்தியாசம் வந்தால் பர்ச்சேஸ் ஆர்டரை (பிஓ) திருத்த 10 நாள். எல்லாம் முடிந்து ஃபைனான்ஸுக்குப் போனால் அங்கே மொத்தமாகப் பணம் அனுப்பும் பேமென்ட் ரன் மாதத்துக்கு இரண்டுதான். அதில் யார் யாருக்கு என்று மேலிருந்து ஒரு தொகை வரும், அந்தத் தொகைக்குள் நாங்கள் பெயர்களைப் பிரிப்போம். எங்கள் லைனை நிறுத்தக்கூடிய சப்ளையர் முதலில். வேறு ஆள் கிடைக்கக்கூடிய சப்ளையர் கடைசியில். கணபதி அண்ணா போன்றவர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் கடைசியில் வருகிறீர்கள். இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

என் வருடாந்தர மதிப்பீட்டிலேயே சப்ளையர் கடன் நாட்களை இத்தனைக்குக் கீழே விடக் கூடாது என்று ஒரு இலக்கு இருக்கிறது. நான் உங்களுக்குச் சீக்கிரம் கொடுத்தால் என் இன்க்ரிமெண்ட் குறையும்.

எங்கள் பக்கத்தையும் ஒரு வரி சொல்கிறேன். எங்களிடம் வாங்கும் அரசுத் திட்ட ஒப்பந்ததாரர்கள் 150, 180 நாள் ஆக்குகிறார்கள். அந்தப் பள்ளத்தை பேங்க் கடனில் நிரப்பினால் வட்டிச் செலவு லாப நட்டக் கணக்கில் தெரியும். சப்ளையர் பணத்தில் நிரப்பினால் எங்கேயும் வட்டியாகத் தெரியாது.

நூல்கண்டு

பர்ச்சேஸ் சார் கடைசியா சொன்னது எங்க திருப்பூர்ல அப்படியே நடக்குதுங்க. எனக்கு எம்பிராய்டரி ஜாப் ஒர்க், 8 மெஷின். எக்ஸ்போர்ட்டர் கிட்ட கேட்டா பையர் தரல, பையர் கிட்ட கேட்டா ஸ்டோர்ல விக்கல. 2025 ஆகஸ்ட் 27ல அமெரிக்க வரி 50% ஆனப்போ, ஏற்கனவே தைச்சு பேக் பண்ணின சரக்குக்கே பையர் தள்ளுபடி கேட்டாங்க. அந்தத் தள்ளுபடி மேல இருந்து கீழ இறங்கி இறங்கி கடைசியில என் ஊசிக்கு வந்துச்சு. எக்ஸ்போர்ட்டருக்கு வெளிநாட்டுப் பணம் கொண்டு வர்ற கெடுவை ரிசர்வ் பேங்க் 9 மாசத்துல இருந்து 15 மாசம் ஆக்குச்சு. அவங்களுக்கு அது தேவைதான், நான் குறை சொல்லல. ஆனா என் நூல் கடைக்காரர் எனக்கு 15 மாசம் தர மாட்டார்.

கேட்டா உறவு கெடும்னு பயம். கேக்கலைன்னா தொழில் கெடும். நாங்க எல்லாரும் வாய்ப் பேச்சுல தொழில் பண்றவங்க, பில்லே பாதிப் பேர் கிட்ட ஒழுங்கா கிடையாது. அது எங்க தப்பு, ஒத்துக்கறேன்.

விஎம்சி_தம்பி

அண்ணா எல்லாரும் கோவிச்சுக்காதீங்க. நான் வேற வழியில போயிட்டேன். சிட்கோல சின்னதா 1 விஎம்சி வெச்சிருந்தேன். பாக்கி வர்ற வரைக்கும் சும்மா இருக்க முடியாம ஓடி லிமிட்ல இருந்து எடுத்து, பங்குச் சந்தை ஏறுமா இறங்குமான்னு பந்தயம் மாதிரி போடற ஆப்ஷன்ல போட்டேன். வாரா வாரம் அதோட கெடு முடியும், எக்ஸ்பைரி. ஆரம்பத்துல ஒரு வாரம் 42,000 வந்துச்சு. பட்டறையில ஒரு மாசம் ஓட்டினாலும் நிக்காத காசு. அப்புறம் 14 மாசத்துல 9 லட்சம் போச்சு. மெஷினை வித்துட்டேன். வீட்டுல இன்னும் முழுசா சொல்லல.

கணபதி_லேத்

தம்பி, முதலில் வீட்டில் சொல்லிவிடு. இன்றைக்கே சொல். கடனைத் தனியாகச் சுமக்காதே.

நீ தனி ஆள் இல்லை. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருடக் கணக்கை பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி எடுத்துப் பார்த்தது. ஆப்ஷனும் அடங்கிய எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்களில் 93% பேர் நஷ்டம். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடிக்கு மேல். ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சுக்கும் வாரத்துக்கு ஒரு இண்டெக்ஸில் மட்டும் எக்ஸ்பைரி, காண்ட்ராக்ட் அளவு குறைந்தது 15 லட்சம் என்று 2024 நவம்பரில் இருந்து கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அடுத்த வருடக் கணக்கிலும் 91% பேர் நஷ்டத்தில்தான் இருந்தார்கள்.

உன் பணம் போன வழியை யோசித்துப் பார்க்கிறேன். உன் வீட்டை நம்பி பேங்க் ஓடி கொடுத்தது. கம்பெனி தர வேண்டியதைத் தராததால் அந்த ஓடி தேவைப்பட்டது. உன் பில் 45 நாளில் வந்திருந்தால் உனக்கு ஆப்ஷன் பக்கம் திரும்பவே நேரம் இருந்திருக்காது. உன் தவறைச் சின்னதாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. நீ நல்ல புரோகிராமர். வேலை வேண்டும் என்றால் தனிச்செய்தி அனுப்பு. எனக்கு ஒரு விஎம்சி ஆள் தேவை.

பழைய_பங்கு

நான் தொழில் செய்பவன் இல்லை. 1994இல் தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ வர்த்தகம் தொடங்கிய காலத்தில் இருந்து முதலீடு செய்கிறேன். பாலன்ஸ் ஷீட் படிப்பது என் பழக்கம். இந்த இழையைப் படித்து இரவு தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அப்படிப்பட்ட கான்கால்களில் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். 30 வருடமாக, குறைந்த வொர்க்கிங் கேபிடலில் ஓடும் கம்பெனி என்றால் நல்ல நிர்வாகம் என்றே வாசித்து வந்திருக்கிறேன். சில கம்பெனிகளில் அது உண்மையும்கூட. சரக்கைத் தேங்கவிடாமல் ஓட்டுவது திறமைதான். சப்ளையரிடம் பிடித்துவைப்பதும் அதே எண்ணில் கலந்துவிடுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் முயன்றதே இல்லை.

பிரிக்க முடியுமா என்று நேற்று 7 ஆண்டறிக்கைகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். 2021-22 முதல் சப்ளையர் பாக்கி எவ்வளவு பழையது என்று காட்டும் ட்ரேட் பேயபிள்ஸ் வயதுப் பட்டியலில் எம்எஸ்எம்இ பாக்கியைத் தனி வரியில் காட்ட வேண்டும் என்று கம்பெனிச் சட்ட விதி இருக்கிறது. ஆனால் அதில் மிகச் சிறிய கட்டமே ஒரு வருடத்துக்குக் கீழ் என்பதுதான். 46 நாளும் 300 நாளும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு குறிப்பு வரும். எம்எஸ்எம்இ சட்டம் பிரிவு 22 கேட்கிற விவரம் அது: குறு, சிறு சப்ளையருக்குத் தர வேண்டிய அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கெடு தாண்டிக் கொடுத்தது எவ்வளவு. நான் பார்த்த ஏழில் ஐந்தில் வட்டிக்கு எதிரே ஒரு கோடு போட்டிருந்தது. பூஜ்யம்.

கணபதி, உங்கள் வால்வு கம்பெனியின் அறிக்கையில் என்ன போட்டிருக்கிறார்கள்?

கணபதி_லேத்

உங்கள் பதிவைப் படித்த உடனே எடுத்துப் பார்த்தேன் சார். கோடுதான்.

மார்ச் 31 அன்று எனக்கு அவர்கள் தர வேண்டியதில் 11 லட்சம் 45 நாளைத் தாண்டியது. சட்டப்படி அதற்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. அறிக்கையில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த கம்பெனியின் 200 பங்கு எங்கள் வீட்டில் இருக்கிறது. 2019இல் என் மனைவி அவள் பெயரில் வாங்கினாள். எங்கள் பில் எல்லாம் போடுவது அவள்தான். இவ்வளவு ஆர்டர் வருகிறதே, கம்பெனி வளரும் என்று சொல்லி வாங்கினாள். இன்றைக்கு அது மூன்று மடங்குக்கு மேல் போய்விட்டது. சப்ளையராக இழந்ததில் கொஞ்சம் பங்குதாரராகத் திரும்பி வந்திருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொள்ள என்னால் முடியவில்லை. என் 14 ஆட்களிடம் பங்கு வைத்துக்கொள்ள டீமேட் கணக்கு இல்லை.

குறியீட்டுக்காரன்

சென்னையில் பில்லிங் மென்பொருள் செய்கிறேன். எங்கள் தொழிலில் வருடச் சந்தாவை முன்பணமாக வாங்கிக்கொண்டுதான் லாகின் கொடுப்போம். மென்பொருள் கம்பெனிகள் பேங்க் கடன் இல்லாமல் வளர முடிந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். இதுவரை அதை எங்கள் திறமை என்று நினைத்திருந்தேன். பணம் வராவிட்டால் லாகினை நிறுத்த முடியும் என்கிற பலம்தான் காரணம் என்று இப்போது படுகிறது. கடைந்து அனுப்பிய பாடியை யாரும் திரும்ப நிறுத்த முடியாது.

தீர்வு பக்கம் ஒன்று சொல்கிறேன். ட்ரெட்ஸ் பற்றி யாரும் எழுதவில்லை. ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் என்று தளங்கள் இருக்கின்றன. பில்லை ஏற்றினால், கம்பெனி ஒப்புக்கொண்டதும் பேங்குகள் ஏலம் கேட்கும். ஓரிரு நாளில் பணம் உங்கள் கணக்கில். கெடு நாளில் கம்பெனி பேங்குக்குக் கொடுக்கும். கொடுக்காவிட்டால் பேங்க் உங்களிடம் வர முடியாது. வட்டியும் கம்பெனியின் ரேட்டிங்கைப் பார்த்து வருவதால் உங்கள் ஓடியைவிடக் குறைவாக இருக்கும். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31க்குள் பதிந்திருக்க வேண்டும் என்பது விதி. பதிய வேண்டும் என்றுதான் விதி, பயன்படுத்த வேண்டும் என்று இல்லை. அங்கேதான் சிக்கல்.

விற்றுமுதல் 5 கோடி தாண்டியவர்கள் எல்லாரும் 2023 ஆகஸ்ட் முதல் அரசுத் தளத்தில் பதிவாகும் இ-இன்வாய்ஸ் போடுகிறார்கள். ஒவ்வொரு பில்லும் எந்தத் தேதியில் பிறந்தது என்று அரசுக்கே தெரியும். 2024 அக்டோபரில் இருந்து ஜிஎஸ்டி தளத்தில் வாங்குபவர் ஒவ்வொரு பில்லையும் ஏற்கவோ மறுக்கவோ வழி வந்துவிட்டது. சும்மா விட்டாலும் ஏற்றதாகவே எடுத்துக்கொள்ளும். இன்புட் எடுக்க ஏற்றுக்கொண்ட பில்லைப் பணத்துக்கும் ஏற்றுக்கொண்டதாக வைத்து, நேராக ட்ரெட்ஸுக்கு அனுப்பினால் என்ன? இணைப்பு எழுதுவது பெரிய வேலை இல்லை. வரிக்கு மட்டும் சரியான பில், பணத்துக்கு 90 நாள் பரிசீலனையில் இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாமல் போகும்.

பர்ச்சேஸ்_மேசை

குறியீட்டுக்காரன் சொன்னது நடந்தால் எனக்கு நிம்மதி. நாங்களும் ட்ரெட்ஸில் பதிந்திருக்கிறோம். பதிந்த நாளில் இருந்து ஒரு பில்கூட ஏற்றுக்கொண்டதில்லை. ஏற்றால் கெடு நாள் உறுதியாகிவிடும், பேங்கிடம் தள்ளிப்போட முடியாது. மேலே இருப்பவர்களுக்கு அதுதான் தயக்கம். எங்கள் கீழ்மட்டம் நினைத்து மாற்ற முடியாது. போர்டு கேட்டால் ஒரே வாரத்தில் மாறும்.

பழைய_பங்கு

போர்டைக் கேட்கும் உரிமை பங்குதாரருக்கு இருக்கிறது. கணபதி, உங்கள் வீட்டில் 200 பங்கு இருக்கிறது. பங்குதாரர்களின் ஆண்டுக் கூட்டமான ஏஜிஎம் எப்போது?

கணபதி_லேத்

செப்டம்பர் கடைசி வாரம். வீடியோவில்தான் நடக்கும். மனைவியிடம் சொன்னேன். அவள் நோட்டீஸை என்னிடம் இருந்து வாங்கி, பேச்சாளர் பதிவு எந்தத் தேதிவரை என்று அடிக்கோடு போட்டுவிட்டாள்.

கணபதி_லேத் (இரண்டரை மாதம் கழித்து)

பல பேர் தனிச்செய்தியில் கேட்டதால் எழுதுகிறேன்.

அவள் பேசினாள். இரண்டு நிமிடம், தமிழில். எங்கள் பட்டறையின் பெயரைச் சொல்லவில்லை. தலைவர் கேட்டுவிட்டு சிஎஃப்ஓவிடம் கொடுத்தார். சட்டத்தைப் பின்பற்றுகிறோம், விவரத்தைச் சரிபார்க்கிறோம் என்று அவர் சொன்னார். அவ்வளவுதான்.

அக்டோபர் நடுவில் சப்ளையர் எல்லாருக்கும் ஒரு மெயில் வந்தது. இனி பில்களை ட்ரெட்ஸில் ஏற்றலாம் என்று. அவள் கேள்வியால் வந்ததா, வேறு காரணமா என்று எனக்குத் தெரியாது. முதல் பில் ஜிஆர்என் ஆன 9ஆம் நாள் ஏற்கப்பட்டது, மறுநாள் பணம் வந்தது. டிஸ்கவுண்ட் வட்டி எங்கள் தலையில்தான். ஆனாலும் ஓடியைவிட இரண்டு சதவீதத்துக்கு மேல் குறைவு. பழைய பில் நான்கு இன்னும் நிற்கிறது. இன்னொரு பெரிய பார்ட்டியிடமும் ட்ரெட்ஸ் கேட்டுப் பார்த்தேன், பதிலே இல்லை. அடுத்த ஆர்டரின் அளவு மட்டும் குறைந்து வந்தது. விஎம்சி தம்பி வேலைக்குச் சேர்ந்து ஏழாவது வாரம்.

நூல்கண்டு

அண்ணா, அக்கா என்ன கேட்டாங்கன்னு அப்படியே போடுங்க. எங்க எக்ஸ்போர்ட்டர் ஒருத்தர் கம்பெனியும் லிஸ்ட் ஆகியிருக்கு. நானும் 10 பங்கு வாங்கறேன்.

கணபதி_லேத்

அவள் எழுதி வைத்த தாளில் இருந்து:

"வணக்கம். ஆண்டறிக்கையில் ட்ரேட் பேயபிள்ஸ் குறிப்பில் குறு, சிறு சப்ளையருக்குத் தர வேண்டிய வட்டி பூஜ்யம் என்று இருக்கிறது. கடந்த வருடம் 45 நாள் தாண்டிப் பணம் கொடுத்த பில்கள் எத்தனை, அவற்றின் மொத்தத் தொகை எவ்வளவு? கம்பெனி ட்ரெட்ஸில் பதிந்திருக்கிறது. அதில் இதுவரை எத்தனை பில்களை ஏற்றிருக்கிறீர்கள்? இந்த இரண்டு எண்களையும் அடுத்த காலாண்டு முதல் முதலீட்டாளர்களுக்குத் தரும் அறிக்கையில் சேர்ப்பீர்களா?"

பேச்சாளராகப் பதிய நோட்டீஸில் கெடு தேதி இருக்கும், கூட்டத்துக்குச் சில நாள் முன்பே முடிந்துவிடும். டீமேட் கணக்கின் டிபி ஐடி, கிளையண்ட் ஐடி, அதோடு பான் எண் மூன்றையும் மெயிலில் போட வேண்டும். கேள்வியையும் முன்கூட்டியே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். நேரமில்லை என்று விட்டாலும் அது பதிவில் இருக்கும்.